உறைபனியில் கருகிய தேயிலை: கத்தி எடுக்கும் முன்

கேள்வி: நீலகிரியில் எமரால்டு அருகே ஒன்றரை ஏக்கரில் தேயிலை வைத்திருக்கிறேன். உறைபனியில் ஓடையை ஒட்டிய பள்ளமும் கிழக்கு பார்த்த சரிவும் கருகிவிட்டன. சில்வர் ஓக் மர நிழலில் நின்ற செடிகள் தப்பிவிட்டன. விடிந்ததும் தண்ணீர் தெளித்தால் காப்பாற்ற முடியுமா? கருகியதை உடனே கவாத்து செய்துவிடலாமா?

பதில்: முதலில் கவாத்துக் கத்தியை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். பனிக்காலம் முடியும்வரை அதற்கு வேலை இல்லை.

இலை கருகிவிட்டது என்கிறோம். உண்மையில் அது தண்ணீரை இழந்து செத்திருக்கிறது. இலையின் ஒவ்வொரு செல்லையும் மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூட வராது. தண்ணீர் அதை எளிதில் கடந்துவிடும். சர்க்கரையும் பொட்டாசியமும் அப்படிக் கடக்க முடியாது. தண்ணீர் போய்வருவதற்கென்றே சவ்வில் புரதத்தாலான வாய்க்கால்கள் இருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்த பீட்டர் அக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

செல்லுக்குள் சர்க்கரையும் உப்புகளும் கரைந்திருப்பதால் அங்கே தண்ணீர் சீக்கிரம் உறையாது. செல்களுக்கு இடையில் இருக்கும் தண்ணீர்தான் முதலில் உறைகிறது. உறைந்த பனிக்கட்டி பக்கத்துச் செல்லின் தண்ணீரைச் சவ்வு வழியாக வெளியே இழுக்கத் தொடங்கும். இரவு நீள நீள செல் வற்றிச் சுருங்குகிறது, சவ்வு குலைகிறது. காலையில் பனி உருகும்போது அந்தத் தண்ணீரைத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளச் சிதைந்த சவ்வால் முடியாது. உள்ளே இருந்த பொட்டாசியமும் சர்க்கரையும் கசிந்துவிடுகின்றன.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பனி உருகியதும் ஓர் இலையைக் கிள்ளி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வெந்நீரில் போட்ட கீரையைப் போலக் கரும்பச்சையாகத் துவண்டிருந்தால் அந்த இலை போனதுதான். சற்று நேரத்தில் பழுப்பேறும். தொழிற்சாலையில் கொழுந்தை அரைத்துப் பரப்பும்போது நிறம் மாறுகிறதே, அதே வேதிவினைதான் இங்கும் நடக்கிறது. சவ்வுகள் இதுவரை தனித்தனியே பிரித்து வைத்திருந்த பாலிஃபீனால் என்ற துவர்ப்புப் பொருளும் நொதியும் ஒன்று கலந்துவிடுகின்றன.

இலை விறைப்பாகவே இருந்து, மேல்பக்கத்தில் மட்டும் செம்பு நிறம் ஏறியிருந்தால் கதை வேறு. அது பெரும்பாலும் காலை வெயில் செய்த வேலை. ஒளிச்சேர்க்கையில் இரண்டு கட்டங்கள் உண்டு. பச்சையம் ஒளியை வாங்குவது முதல் கட்டம். எத்தனை குளிரிலும் அது நிற்காது. வாங்கிய ஆற்றலைக் கொண்டு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக மாற்றுவது இரண்டாம் கட்டம். அதைச் செய்யும் நொதிகள் குளிரில் மந்தமாகிவிடும். ஆகவே வாங்கிய ஆற்றலுக்குப் போக்கிடம் இல்லாமல் போய், அது ஆக்சிஜன் மீது பாய்கிறது. அப்போது உண்டாகும் தீவிர ஆக்சிஜன் வடிவங்கள் பச்சையம் இருக்கும் பசுங்கணிகத்தின் சவ்வுகளையே அரிக்கின்றன. உங்கள் கிழக்குச் சரிவில் நடந்தது இதுதான். பனியில் விறைத்துக் கிடந்த இலைமேல் முதல் வெயில் நேராக விழுந்திருக்கிறது. மேற்குச் சரிவுக்கு வெயில் வந்து சேர்வதற்குள் காற்று கொஞ்சம் சூடாகியிருக்கும். இப்படிச் செம்பு நிறமான இலைகளில் பல சில வாரங்களில் தேறிவிடும்.

பள்ளம் கருகியதற்குக் காரணம் எளிது: குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கி ஓடையோரம் தேங்குகிறது. மேகமில்லாத, காற்றசையாத இரவில் இலை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். அதனால் வீட்டுச் சுவரில் மாட்டிய வெப்பமானி 2 டிகிரி காட்டும்போதே இலையில் உறைபனி படியலாம். சில்வர் ஓக்கின் கிளைகள் அந்த வெப்பத்தைத் தடுத்து நிறுத்தியிருக்கின்றன. காலையில் வெயிலையும் மறைத்திருக்கின்றன.

இனித் தண்ணீருக்கு வருவோம். விடிந்து, வெயில் பட்ட பிறகு தெளிப்பதில் பயனில்லை. சிதைந்த சவ்வைத் தண்ணீர் ஒட்டவைக்காது. ஸ்பிரிங்க்ளர் இருந்தால், இலை உறைவதற்கு முன்பே தொடங்கி, பனி முழுவதும் உருகும்வரை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். 1 கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பம் வெளிப்பட்டு இலையைக் காக்கிறது. அதே 1 கிராம் ஆவியானால் ஏறக்குறைய 600 கலோரியை எடுத்துக்கொண்டு போய்விடும். பாதியில் மோட்டார் நின்றால் தெளிக்காத தோட்டத்தைவிட மோசமாகிவிடும் என்பது இதனால்தான். இரவு முழுக்க ஓட்டுவதற்குத் தண்ணீரும் மின்சாரமும் உறுதியாக இல்லையென்றால் இந்த வழியே வேண்டாம் என்பேன். அதற்குப் பதிலாக, பனி வரும் என்று தெரிந்த அன்று பகலிலேயே மண்ணை நனைத்து வையுங்கள். ஈர மண் பகல் வெப்பத்தைச் சேமித்து இரவில் விடும். இளஞ்செடிகளை மிலார் (மெல்லிய குச்சிகள்) கொண்டோ காய்ந்த புல் கொண்டோ மூடுங்கள். அந்த மூடாக்கை விடிந்தவுடன் எடுத்துவிடாதீர்கள். இலை தொட்டால் குளிராத அளவுக்குச் சூடேறட்டும்.

கவாத்தை ஏன் தள்ளிப்போடச் சொல்கிறேன்? இப்போது வெட்டினால் செடி வேரில் சேமித்த மாவுச்சத்தைச் செலவழித்துத் துளிர்விடும். அடுத்த உறைபனி அந்தத் துளிரைத்தான் முதலில் தாக்கும். பாதி பச்சையாக நிற்கும் இலைகூட இன்னும் ஒளிச்சேர்க்கை செய்து வேருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதை வெட்டி எறிவது செடிக்கு இரட்டை நட்டம். பனி ஓய்ந்து, மழை பெய்து மண் நனைந்த பிறகு, குச்சியின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டினால் போதும்.

அதுவரை யூரியா வேண்டாம். தழைச்சத்து மிஞ்சினால் நீர் கோத்த இளந்துளிர் வரும். அதற்குப் பனியைத் தாங்கும் வலு இல்லை. பொட்டாஷ் சத்தைப் பனிக்கு முன்பே, மண்பரிசோதனை சொல்லும் அளவில் இட்டு வையுங்கள்.

இன்னொன்று: ஓடைப் பக்கத்தில் அடர்ந்த புதர்வேலி இருந்தால் அதில் ஓரிரு இடங்களைத் திறந்துவிடுங்கள். சரிவில் இறங்கி வரும் குளிர்காற்று உங்கள் செடிகளுக்கு நடுவே தேங்காமல் அந்த வழியே வெளியேறிவிடும்.