பெஞ்ச் கிரைண்டரில் (மேசையில் பொருத்தும் சாணை மெஷின்) ஒரு கல் வெடித்தது, புதுக் கல்லும் அதிர்கிறது: ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். முதலில் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

"புதுக் கல்லின் துளை லூசாக இருந்தது, நட்டை நன்றாக இறுக்கிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் பெரும்பாலும் அங்கேதான். துளை பெரிதென்றால் கல் மையம் விலகி உட்காரும். இறுக்கினால் கல் மையத்துக்குத் திரும்பி வராது. ஃபிளாஞ்சுக்கு (கல்லை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் தட்டு) அடியில் விரிசல்தான் விழும். ஷாஃப்ட் (கல் மாட்டும் தண்டு) அளவுக்குப் புஷ் (துளையில் செருகும் வளையம்) போடுங்கள். இரண்டு பக்கமும் அட்டை வாஷர் வேண்டும், ஃபிளாஞ்ச் இரண்டும் ஒரே விட்டம்.

மறுபடி மாட்டுமுன் தட்டிப் பாருங்கள். கல்லைத் துளையில் விரல் விட்டுத் தொங்கவிட்டு, ஸ்குரூடிரைவரின் மரப்பிடியால் விளிம்பிலிருந்து 25–50 மி.மீ. உள்ளே மெல்லத் தட்டுங்கள். கணீரென்றால் சரி. விரிசல் விட்ட பானைபோல 'டொப்' என்றால் உடைத்துப் போட்டுவிடுங்கள், யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது. ஈரமான கல் நன்றாக இருந்தாலும் மந்தமாகத்தான் ஒலிக்கும், காயவைத்துத் தட்டுங்கள்.

கல்லில் அச்சிட்ட ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) மோட்டார் பிளேட்டில் உள்ளதைவிடக் குறையக் கூடாது.

ரெஸ்டுக்கும் (வேலைத்துண்டைத் தாங்கும் தட்டு) கல்லுக்கும் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி வேண்டாம், கார்டின் மேல்தகட்டுக்கும் கல்லுக்கும் 6 மி.மீ.க்கு மேல் வேண்டாம். கல் தேயத் தேய இது அகலும். வேலைத்துண்டு உள்ளே சிக்கிக் கல் வெடிப்பது இப்படித்தான். மெஷினை நிறுத்திவிட்டுத்தான் நகர்த்த வேண்டும்.

மாட்டியபின் கார்டை (கல்லைச் சுற்றியுள்ள காப்பு உறை) மூடி, பக்கவாட்டில் ஒதுங்கி நின்று ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள்.

ஒன்று கவனிக்க: தட்டும் சோதனை கல்லின் விரிசலைத்தான் சொல்லும். கல், ஃபிளாஞ்ச், நட்டு எல்லாம் கழற்றி ஓட்டியும் அதிர்ந்தால் பேரிங்கையோ ஷாஃப்டையோ பாருங்கள். அதுவரை எந்தக் கல்லையும் மாட்டாதீர்கள்.