ராத்திரி தூக்கம் வரல, டாக்டர்!

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன், வயது 23. 11 மணிக்குப் படுத்தாலும் 2 மணி வரை புரள்கிறேன். வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்ற நினைப்புதான். (கும்பகோணம்)

படிப்பதும் கட்டிலில், போன் பார்ப்பதும் கட்டிலில், கவலைப்படுவதும் அதே கட்டிலில் என்றால் படுத்தவுடன் மூளை வேலையைத் தொடங்கிவிடும், தம்பி. இருபது நிமிடம் போலப் புரண்டும் வரவில்லையா, எழுந்து கூடத்துக்கு வந்து மங்கலான வெளிச்சத்தில் சும்மா உட்காருங்கள், கண் சொக்கும்போது திரும்பப் போங்கள். கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம். ராத்திரி எப்போது தூங்கினாலும் காலை 6 மணிக்கு எழுந்தே ஆக வேண்டும், பகலில் தூங்கி ஈடுகட்டக் கூடாது. முதல் வாரம் என்னைத் திட்டுவீர்கள், பரவாயில்லை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் உலகம் முழுக்கப் பரிந்துரைப்பது இந்த மாதிரிப் பயிற்சிகளைத்தான். அப்புறம், சாயங்காலம் டிகிரி காபி குடிக்கிற பழக்கம் இருந்தால்: உடம்பில் காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், 6 மணிக்குக் குடித்தால் கணக்கை நீங்களே போடுங்கள். மதியத்தோடு நிறுத்துங்கள்.

வீட்டிலிருந்தே அமெரிக்க ஷிஃப்ட், விடிகாலை 4 மணிக்கு முடியும். 9 மணிக்கு அம்மா எழுப்பிவிடுகிறார். எதற்கெடுத்தாலும் எரிச்சல். (மன்னார்குடி)

ஐந்து மணி நேரத் தூக்கத்தில் யாருக்கும் எரிச்சல் வரும், பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். "இதுதான்மா எனக்கு ராத்திரி" என்று அம்மாவிடம் சொல்லிப் புரியவையுங்கள், டிபன் ஆறினால் ஆறட்டும்.

நண்பன் கொடுத்த தூக்க மாத்திரையை ரெண்டு மாதமாகத் தினமும் போடுகிறேன். நிறுத்திவிடவா? (திருவாரூர்)

நீங்களாக ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், சில மாத்திரைகளில் வலிப்புகூட வரும். அட்டையோடு டாக்டரைப் பாருங்கள், படிப்படியாகக் குறைப்பார்.

தம்பிக்கு 19 வயது. விடிய விடிய விழித்திருக்கிறான், சரியாகச் சாப்பிடுவதில்லை, "நான் இருந்து என்ன ஆகப் போகிறது" என்கிறான். எல்லாம் செல்போனால் வந்த வினை என்கிறார் அப்பா. (மயிலாடுதுறை)

போனைப் பிடுங்கினால் தீருகிற விஷயம் இல்லை, அம்மா. மனச்சோர்வு தூக்கத்தைக் கெடுக்கும், கெட்ட தூக்கம் சோர்வைக் கூட்டும். சாகத் தோன்றுகிறதா என்று அவனிடம் நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். அவனைத் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, நாளைக் காலையிலேயே கூட்டிப் போங்கள். இடையில் சில நாள் தூங்காமலே படு உற்சாகமாகத் திரிந்தானா என்பதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அதைப் பொறுத்து மருந்தே மாறும்.