மலேரியாதான், ஆனால் தாளில் வேறு எண்: கிளைம் மறுத்தால் என்ன செய்வது?

கேள்வி: என் கணவர் லாரி டிரைவர். ஒடிசாவுக்கு லோடு கொண்டுபோய்த் திரும்பியவர் குளிர்காய்ச்சலில் விழுந்தார். பாலக்காட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐந்து நாள் சேர்த்திருந்தோம், மலேரியா என்றார்கள். பொள்ளாச்சியில் எடுத்த ‘மஷக் ரக்ஷக்’ (கொசு போன்றவை பரப்பும் நோய்களுக்கானது) பாலிசியில் கிளைம் போட்டால், ‘குறியீடு பி54 என்று இருக்கிறது, பரிசோதனையில் நோய் உறுதியாகவில்லை’ என்று மறுத்துவிட்டார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்களே? (கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: இந்த மறுப்பை அப்படியே விட்டுவிடாதீர்கள் சகோதரி. நீங்கள் அனுப்பிய லேப் சீட்டில், ஸ்மியர் (ரத்தத் துளியைக் கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் பரிசோதனை) என்ற வரிக்கு நேரே ‘பிளாஸ்மோடியம் வைவாக்ஸ்’ என்று மலேரியா கிருமியின் பெயரைத் தெளிவாக அடித்திருக்கிறது. உங்களுக்கு வேண்டிய ஆதாரமே அந்த ஒரு வரிதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு எண் உண்டு. மலேரியாவுக்கு பி50 முதல் பி54 வரை. ஃபால்சிபாரம் கிருமி என்றால் பி50, வைவாக்ஸ் என்றால் பி51. பி54 என்பது ரத்தத்தில் கிருமியைப் பார்த்து உறுதி செய்யாமல், அறிகுறியை மட்டும் வைத்து மலேரியா என்று சொல்லும்போது போடுவது. உங்கள் பாலிசியோ லேப் பரிசோதனையில் உறுதியாகி, தொடர்ந்து 72 மணி நேரமாவது மருத்துவமனையில் இருந்தால்தான் முழுத் தொகை தரும். ஐந்து நாள் இருந்ததில் சிக்கல் இல்லை, எண் மட்டும்தான் உங்களுக்கு எதிராக நிற்கிறது. இது எப்படி நடக்கிறது என்றால், டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர் வெறும் ‘மலேரியா’ என்று எழுதிவிட்டால் குறியீடு போடுகிறவர் பி54-தான் போட முடியும், லேப் சீட்டைப் பார்த்து அவராக ஊகித்து எழுதக் கூடாது. அதனால் திருத்தம் டாக்டரிடமிருந்துதான் வர வேண்டும்.

முதலில் மருத்துவமனைக்குப் போங்கள். ‘கிருமியின் பெயரைச் சேர்த்து, பி51 என்று திருத்திய டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்குங்கள். கூடவே முழு கேஸ் ஷீட்டின் (சிகிச்சைப் பதிவேட்டின்) நகலையும் கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதி. திருத்திய தாளில் டாக்டரின் கையெழுத்து, பதிவு எண், சீல், தேதி நான்கும் இருக்கட்டும். அவசரத்தில் நீங்களே பேனாவால் பி54-ஐ அடித்து எழுதிவிடாதீர்கள், உண்மையான கிளைம்கூட மோசடி மாதிரி தெரியும்.

அப்புறம் அதையும் ஸ்மியர் ரிப்போர்ட்டையும் சேர்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ மறுபடி மறுத்தாலோ, ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். நீங்கள் குடியிருப்பது பாலக்காடு மாவட்டம் என்பதால் கொச்சி அலுவலகம். பாலிசி கொடுத்த கிளை பொள்ளாச்சியில் இருப்பதால் சென்னையிலும் கொடுக்கலாம். எல்லையில் இருப்பவர்களை ‘இங்கே இல்லை, அங்கே போ’ என்று அலைக்கழிப்பது வழக்கம், அதற்குப் பயந்து விட்டுவிட வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வைவாக்ஸ் கிருமி ஈரலில் பதுங்கியிருந்து மாதங்கள் கழித்தும் கிளம்பும். அதைத் தடுக்க 14 நாள் பிரிமாகுயின் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், காய்ச்சல் விட்டதே என்று உங்கள் வீட்டுக்காரர் பாதியில் நிறுத்திவிட்டு வண்டி எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குப் பல வருஷமாக யானைக்கால். ஹெல்த் பாலிசி எடுக்கப் போனால், ‘அதை ஃபார்மில் எழுத வேண்டாம்’ என்கிறார் ஏஜென்ட். எழுதாமல் விடலாமா? (நகரியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கூடாது. அந்தக் காலில் திடீரென்று சிவந்து வீங்கிக் காய்ச்சலோடு சேர்த்தால், மருத்துவமனை செல்லுலைட்டிஸ் (தோலுக்கு அடியில் வரும் தொற்று) என்று எல்03 எண் போடலாம். ஆனால் பழைய நோய் விவரத்தில் ஃபைலேரியா (யானைக்கால் நோய்) என்று வரும், அதன் எண் பி74. மறைத்தது அங்கேயே வெளிப்பட்டுவிடும், கட்டிய பிரீமியமும் வீண். உள்ளதை எழுதினால் ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம்தான், அதைத் தாண்டினால் அந்தக் காலுக்கும் கிளைம் கேட்கலாம். பிரீமியம் கூடலாம், சில கம்பெனி மறுக்கவும் செய்யலாம், இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். ஃபார்மை ஏஜென்ட் நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது, அதனால் ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்து, நிரப்பிய ஃபார்மின் நகலைக் கையோடு வாங்கி வையுங்கள்.