டீச்சரைக் கேளுங்கள்: ‘நமக்கு எதுக்கு அந்தக் கதை?’

கேள்வி: டீச்சர், என் மகள் நான்காம் படிவம். ஹிட்லர் யூதர்களைக் கொன்றதைக் கேள்விப்பட்டு நோண்டி நோண்டிக் கேட்கிறாள். தினமும் காஸா செய்தி பார்க்கிறோம், இந்த நேரத்தில் இதை எப்படிச் சொல்வது? வீட்டுக்காரர் ‘நமக்கு எதுக்கு அந்தக் கதை?’ என்கிறார்.
– ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: முதலில் நான் அடித்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிள்ளைகளுக்கு உறைக்க வேண்டும் என்று, ஹிட்லர் ஆட்சியில் யூதர்களைச் சட்டையில் குத்திக்கொள்ள வைத்த மாதிரி, மஞ்சள் துணியில் நட்சத்திரம் வெட்டி, ஆறு பேர் சட்டையில் குத்திக் கடைசி வரிசையில் உட்கார வைத்தேன். அவர்களோடு யாரும் பேசக்கூடாது. பத்தே நிமிஷம், வகுப்பில் ஒரே சிரிப்பு, கேலி. தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வரும் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவளோடு ஏற்கெனவே யாரும் அதிகம் பேசமாட்டார்கள். ஓய்வு மணி அடித்த பிறகும் துணியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அன்றோடு நாடகத்தை விட்டேன். நீங்களும் ‘நீ அங்கே இருந்திருந்தா?’ என்று ஆரம்பிக்காதீர்கள். பிணக்குவியல் படமும் இப்போது வேண்டாம்.

அப்புறம் நான் பிடித்துக்கொண்டது சட்டங்களை. 1933இல் ஜெர்மனியில் யூதர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அந்த வருஷமே அரசு வேலை போனது. 1935இல் குடியுரிமை. 1938 நவம்பரில் பிள்ளைகளை அரசுப் பள்ளியிலிருந்து விரட்டினார்கள். 1939இல் ரேடியோ பறிமுதல். 1942இல் நாய், பூனை வளர்க்கக்கூடாது. போர்டில் இதை எழுதி முடித்ததும் ஒரு பையன், “டீச்சர், நாய் என்ன செஞ்சுச்சு?” என்றான். அவ்வளவு நேரம் அவன் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கொல்லப்பட்ட யூதர்கள் 60 லட்சம் பேர், அதில் சுமார் 15 லட்சம் குழந்தைகள் என்பதை அதற்குப் பிறகுதான் சொல்வேன். முதலிலேயே சொன்னால் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிவிட்டுப் போய்விடுவார்கள்.

மகளின் ஐசியை (அடையாள அட்டையை) மேசையில் வைத்து ஆப்பிரிக்காவில் உள்ள ருவாண்டாவையும் சொல்லுங்கள். அங்கே அடையாள அட்டையிலேயே ஹுட்டு, டுட்ஸி என்று இனத்தைப் போட்டிருந்தது. ரேடியோ டுட்ஸிகளைக் கரப்பான்பூச்சி என்றது. 1994இல் சாலையை மறித்து, அட்டையைப் பார்த்து டுட்ஸிகளைக் கொன்றார்கள். நூறு நாளில் சுமார் 8 லட்சம் பேர். குடும்ப வாட்ஸ்அப்பில் ஓர் இனத்தையே மிருகப் பெயரால் திட்டி ஏதாவது வந்தால், அடுத்த முறை அவளே உங்களிடம் காட்டுவாள். யார் அனுப்பியது என்று தெரிந்தால் சங்கடமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

காஸாவைப் பற்றிக் கேட்டால் மறைக்காமல் பேசுங்கள். ‘அந்த இனமே அப்படித்தான்’ என்ற பேச்சு வந்தால் மட்டும் அங்கேயே நிறுத்துங்கள். அங்கே சாகும் பிள்ளைக்காக அழுகிறவள் 1942இல் செத்த பிள்ளைக்கும் அழட்டும், கண்ணீருக்கு ரேஷனா? இனப்படுகொலை என்ற சொல்லுக்கு 1948 ஐ.நா. உடன்படிக்கை சொல்லும் பொருளையும் படித்துக் காட்டுங்கள்: ஓர் இனத்தையோ மதத்தினரையோ முழுதாகவோ ஒரு பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தோடு செய்வது.

உங்கள் வீட்டுக்காரருக்கு: இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்கு ரயில் பாதை போட இழுத்துப்போன தோட்டத்து ஆள்களில் என் தாத்தாவும் ஒருவர். திரும்பி வரவில்லை. அவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அதை யாராவது ‘எங்களுக்கு எதுக்கு?’ என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

ஒரு நாள் மூவரும் ஃபெரி ஏறிப் பினாங்குத் தீவுக்கு வாருங்கள். ஜாலான் ஜைனல் அபிடினில் யூதர்களின் பழைய கல்லறை இருக்கிறது. முன்பு அந்தத் தெருவுக்கே ஜாலான் யஹூடி, அதாவது யூதர் தெரு என்றுதான் பெயர். தெருப்பெயர் மாறிவிட்டது, கற்களில் எபிரேய எழுத்து இன்னும் இருக்கிறது. காலையிலேயே வந்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும்.