மூங்கிலுக்குள் வயர் ஓட்டலாமா?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) நாலறை வீடு. வரவேற்பறைச் சுவரில் ஒரு புது சுவிட்சுக்கும், செடிகள் இருக்கும் ஜன்னலோரத்தில் சின்ன எல்இடி விளக்குகளுக்கும் வயர் இழுக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய்க்குப் பதிலாக மூங்கிலோ தேங்காய் நாரோ வைத்துச் செய்து பார்க்க ஆசை. சரிவருமா?

பதில்: சுவரில் ஓடும் 230 வோல்ட் வயருக்கு வேண்டாம். ஜன்னலோர விளக்கு 12 வோல்ட் என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

குழாய் வயரை மறைக்கத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இணைப்பு தளர்ந்து வயர் சூடேறும் நாளில்தான் அதன் குணம் தெரியும். பிளாஸ்டிக் குழாயின் பிவிசி கருகும், நாற்றப் புகை விடும். ஆனால் தீயை எடுத்துவிட்டால் தானே அணைந்துவிடும். காய்ந்த மூங்கில் அப்படியில்லை. உள்ளே காற்று ஓடும் குழல் வேறு, அடுப்படி ஊதுகுழலை நினைத்துப் பாருங்கள்.

இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. எடிசன் 1880இல் பல்பின் இழைக்கே கருக்கிய மூங்கிலைத்தான் எடுத்தார். பழைய வீடுகளில் தேக்குச் சட்டத்தில் வயரைப் பதித்து மேலே மூடி அடிப்பார்கள். 'கேசிங் கேப்பிங்' என்பார்கள். ஈரமும் தீயும் சேர்ந்து அதை ஓரங்கட்டின. இங்கே எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின் ஊழியர்தான் வீட்டு வயரிங்கைத் தொட வேண்டும்; மூங்கிலுக்கு அவர் கையெழுத்துப் போடமாட்டார். பிளாஸ்டிக் வேண்டாம் என்றால் ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் கேளுங்கள். எர்த் சரியாகக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, ஜன்னலோரத்துக்கு வருவோம். மூங்கிலை முழுதாக வைத்துக் கம்பியால் கணுக்களைக் குத்தித் துளைப்பது வழக்கம். எனக்கு அது பிடிக்காது. கணு இருந்த இடத்தில் ஒரு கூரான விளிம்பு நின்றுவிடும். பழைய பனியன் துணியை உள்ளே இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் வயரின் தோலும் கிழியும். அதற்குப் பதில் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, கணுக்களை உளியால் செதுக்கி, உப்புத்தாள் போட்டு, வயரை வைத்து மறுபாதியை மூடிக் கயிற்றால் கட்டுங்கள். அதே கேசிங் கேப்பிங்தான்! பழுது வந்தால் பிரிப்பதும் சுலபம்.

மூங்கிலின் மாவுச்சத்துக்கு வண்டு வரும், உளுத்து மாவு கொட்டும். வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த தண்ணீரில் சில நாள் ஊறவைத்து நிழலில் காயவிடுங்கள். மழை பட்டால் அந்த மருந்து கரைந்துவிடும், அதனால் ஜன்னலுக்கு உள்பக்கம் மட்டும். ஏர்கான் காற்று நேராகப் படும் இடமும் வேண்டாம், மூங்கில் காய்ந்து விரிசல் விடும்.

12 வோல்ட் ஷாக் அடிக்காதுதான், ஆனால் ஷார்ட் ஆனால் வயர் பழுக்கக் காய்ந்துவிடும். அடாப்டரை ஒட்டி, விளக்கு இழுக்கும் கரண்டுக்குச் சற்றே மேலான ஃபியூஸ் ஒன்று போடுங்கள். அடாப்டரை மூங்கிலுக்குள் திணிக்காதீர்கள்.

தேங்காய் நார் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அது செடித்தொட்டிக்குத்தான்.