மூக்கைப் பார்த்தது போதும், முரசைப் பாருங்கள்

உவர்மலையிலிருந்து ஒரு வாசகி மின்னஞ்சலில் கேட்டிருக்கிறார்: "எங்கள் நாய் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, படுத்தே கிடக்கிறது. மாமி மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஈரமாகத்தானே இருக்கிறது, வருத்தம் ஒன்றும் இல்லை என்கிறார். நேற்று பாதி பனடோல் கொடுத்தோம். மிருக வைத்தியரிடம் கொண்டுபோவதா, இன்னும் இரண்டு நாள் பார்ப்பதா? பி.கு.: எங்கள் கடுவன் பூனைக்கும் மலச்சிக்கல் போல, காலையிலிருந்து மண்ணைக் கிளறிக் கிளறிக் குந்திக்கொண்டு கத்துகிறான்."

தங்கச்சி, நாயை விடுங்கள், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அந்தப் பி.கு.தான். அதனால்தான் பத்திரிகை அச்சாகும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே உங்களுக்கு ஃபோன் எடுத்தேன். கடுவன் பூனை குந்திக் குந்தி எழும்பினால் நாங்கள் எல்லாரும் மலச்சிக்கல் என்றுதான் நினைப்போம், ஆனால் பாதி வேளை அடைபட்டிருப்பது சலம். கடுவனின் சலக்குழாய் மிகவும் ஒடுங்கியது, கொஞ்சம் கல்லோ சளியோ சிக்கினால் போதும், ஒரு சொட்டும் வெளியே வராது. சிறுநீரகம் கெட்டு, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஒன்றிரண்டு நாளில் இதயம் நின்றுவிடும். அவனுக்கு வைத்தியர் குழாய் விட்டுச் சலம் எடுத்துவிட்டார் என்று பிறகு நீங்கள் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. மற்றவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: கடுவன் சலம் போக முடியாமல் முக்கினால் இரவோ பகலோ, நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

சரி, நாய்க்கு வருவோம்.

மூக்கு ஈரமாக இருந்தால் சுகம், காய்ந்திருந்தால் காய்ச்சல் என்பது எங்கள் ஊர் முழுக்க உள்ள நம்பிக்கை. மாமியைக் குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன். நல்ல நாய் வெயிலில் படுத்து எழும்பினாலே மூக்குக் காய்ந்துவிடும், கடும் காய்ச்சலில் கிடக்கும் நாயும் மூக்கை நக்கி நக்கி ஈரமாக வைத்திருக்கும். தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் சொல்வதும் சரிவராது, ஏனென்றால் நாயின் உடம்பு எப்போதுமே எங்களைவிடச் சூடு: 101இலிருந்து 102.5 பாகை ஃபரனைட் வரை அதற்குச் சாதாரணம், 103ஐத் தாண்டினால் காய்ச்சல். ஃபார்மசியில் வாங்கும் டிஜிட்டல் வெப்பமானியின் நுனியில் கொஞ்சம் வாஸ்லின் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். அதை நாய்க்கென்றே ஒதுக்கி வையுங்கள், சொல்லத் தேவையில்லை.

மூக்கைவிட உண்மை பேசுவது முரசு, அதாவது பல்லீறு. உதட்டைத் தூக்கி மேல் முரசைப் பாருங்கள், கொய்யாப்பழத்தின் உள்சதை போல இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அமத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு செக்கனுக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெள்ளைத் துணி போல இருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது, மஞ்சள் என்றால் ஈரலோ இரத்தமோ பாதிக்கப்பட்டிருக்கிறது, நீலம் பூத்திருந்தால் மூச்சுத் திணறுகிறது. மூன்றுமே உடனே கொண்டுபோக வேண்டிய நிறங்கள். முரசு கறுப்பான நாய்களும் உண்டு, அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள்.

ஃபோனில் நான் கேட்டதும் நீங்கள் உதட்டைத் தூக்கிப் பார்த்து "அக்கா, வெள்ளையாகக் கிடக்கு" என்றீர்கள், காதுக்குள் உண்ணி இருக்கிறது என்றும் சொன்னீர்கள். நான் வைத்தியர் இல்லை, நாய் பூனைகளோடு காலம் போக்கிய ஆள்தான். என்றாலும் உண்ணி, சாப்பாட்டில் வெறுப்பு, வெளுத்த முரசு மூன்றும் சேர்ந்தால் எனக்கு முதலில் நினைவு வருவது உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிக்கும்போது உள்ளே போகும் கிருமிகளில் ஒன்று சிவப்பணுக்களை உடைக்கும், சலம் பிளேன்டீ நிறத்தில் போகும். இன்னொன்று இரத்தம் உறைவதைக் கெடுக்கும், மூக்கால் இரத்தம் வடியலாம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரியலாம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் எதுவென்று தெரியும், பக்கத்து வீட்டு நாய்க்குக் கொடுத்து மிஞ்சிய குளிசை உங்கள் நாய்க்கு உதவாது. என்னுடைய முதல் நாயை இப்படித்தான் ஐந்து நாள் "பார்ப்போம், பார்ப்போம்" என்று வைத்திருந்து இழந்தேன். அதனால் இரண்டு நாள் பார்ப்பதா என்ற உங்கள் கேள்விக்கு ஃபோனிலேயே நான் சொன்ன பதில்: அந்த இரண்டு நாளும் ஏற்கெனவே போய்விட்டது, இன்றைக்கே கொண்டுபோங்கள். வளர்ந்த நாய் ஒரு நேரம் சாப்பிடாவிட்டால் பரவாயில்லை, ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை, சோர்ந்தும் கிடக்கிறது என்றால் அதற்கு மேல் பொறுக்க வேண்டாம்.

பனடோல் கொடுத்ததை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். நாய்க்கும் அது வேண்டாத மருந்து, பூனைக்கோ சுத்த நஞ்சு, அதை உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலில் இல்லை. பாதிக் குளிசையே உயிரை எடுக்கலாம்.

குட்டி என்றால் கணக்கே வேறு. தடுப்பூசி போடாத நாய்க்குட்டி சத்தி எடுத்து, நாற்றமாக இரத்தத்தோடு கழிந்தால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், அதற்கு மணித்தியாலக் கணக்குத்தான். கருத்தடை செய்யாத பெட்டை, பருவச் சூடு வந்து ஒன்றிரண்டு மாதத்தில் தண்ணீரை மடக்கு மடக்கென்று குடித்துச் சோர்ந்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கக்கூடும். கச்சான் காற்று வெக்கையில் நாய் நிறுத்தாமல் மூச்சிளைத்துத் தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய்ச் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, காற்றுப் பிடித்து, அப்படியே ஓட்டோவில் ஏற்றுங்கள். கடற்கரையில் மீன் தலையோடு தூண்டிலையும் விழுங்கிய நாயின் வாயிலிருந்து நூல் தொங்கினால் தயவுசெய்து இழுக்காதீர்கள், உள்ளே கிழித்துவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தபடி வீணீர் வடித்து, விழுங்க முடியாமல், குரலும் மாறிய நாயைப் பார்த்தால் தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கைவிடத் தோன்றும். விடாதீர்கள், விசர்நாய் நோயாக இருக்கலாம். முரசு பார்க்கும் வேலையும் அந்த நாயிடம் வேண்டாம். எச்சிலோ கடியோ பட்டால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

புறப்படும்போது தடுப்பூசி அட்டையையும், நாய் நடக்கும் ஒரு சின்ன வீடியோவையும் கொண்டுபோங்கள், சலத்தின் நிறம் மாறியிருந்தால் அதையும் படம் எடுங்கள். மேசையில் ஏற்றியதும் பயத்தில் விறைத்து நின்று சுகதேகி போல நடிக்கும் நாய்கள் நிறைய. திரும்பி வந்த பிறகு அது படுக்கும் இடத்துச் சுவர் வெடிப்புகளையும் பாருங்கள், உண்ணி முட்டை இடுவது அங்கேதான், நாயின் மேல் இல்லை. பூனை எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி எழுதுங்கள்.