பகையாளிக்குத் துப்பு

கேள்வி: அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் ஆகவே ஆகாது. ஆனால் மாஸ்கோவில் நடக்கப்போகும் தாக்குதலை அமெரிக்காவே முன்கூட்டிச் சொன்னதாகப் படித்தேன். இங்கே டீக்கடையில் கேட்டால் 'எல்லாம் நாடகம்' என்கிறார்கள். அப்படியா?
- ஒரு வாசகர், குளச்சல்

பதில்: நாடகமென்றால் 140-க்கும் மேற்பட்டோர் செத்திருக்க மாட்டார்கள். 2024 மார்ச் 7 அன்று அமெரிக்கத் தூதரகம், கூட்டம் கூடும் இடங்களுக்கு, குறிப்பாக இசை நிகழ்ச்சிகளுக்கு, போகாதீர்கள் என்று மாஸ்கோவிலிருந்த தன் ஆட்களிடம் பகிரங்கமாகவே சொன்னது. ரஷ்ய அதிகாரிகளுக்கும் தகவல் போனது. மார்ச் 19-இல் புதின் இதையெல்லாம் மிரட்டல் மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிட்டார், 22-ஆம் தேதி மாஸ்கோவை ஒட்டியுள்ள குரோகஸ் சிட்டி ஹால் என்ற இசையரங்கில் சுட்டுத்தள்ளிவிட்டார்கள், ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பு பொறுப்பேற்றது. இதே புதின்தான் 2017 டிசம்பரில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தாக்குதலைத் தடுக்க அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. கொடுத்த துப்புக்காக டிரம்புக்குப் போன் போட்டு நன்றி சொன்னவர்! ஆக, துப்பு கிடைத்தால் போதாது, கொடுத்தவனை அந்த நேரத்தில் நம்பவும் வேண்டும். எச்சரிக்கை அனுப்புவது வேறு, அது போய்ச் சேருவது வேறு என்பதை ஒக்கி புயலைப் பார்த்த ஊருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

சரி, ஏன் சொல்கிறார்கள்? பாசமெல்லாம் இல்லை. ஐ.எஸ். இருவருக்குமே எதிரி. அப்புறம், யாரையாவது கொல்லத் திட்டமிருப்பது தெரிந்தால் அவர்களை எச்சரிக்கவேண்டும் என்று அமெரிக்க உளவு அமைப்புகளுக்கு 2015-இல் போட்ட உத்தரவே இருக்கிறது. 2024 ஜனவரியில் ஈரானின் கெர்மான் நகரக் குண்டுவெடிப்புக்கு முன்னால் அந்த நாட்டுக்கும் ரகசியமாகச் சொன்னோம் என்கிறது அமெரிக்கா.

கேள்வி: இந்தியா-பாகிஸ்தான் இடையில் இப்படி ஏதாவது உண்டா?
- ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: துப்புக் கொடுப்பதைவிட, தப்பு நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் இங்கே அதிகம். 1988-இல் ராஜீவ் காந்தியும் பேநசீர் பூட்டோவும் போட்ட ஒப்பந்தப்படி, ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்கக்கூடாது. அதற்காக 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் பட்டியலைப் பரிமாறிக்கொள்கிறார்கள், கார்கில் நடந்த பிறகும் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகும்கூட. இரண்டு ராணுவத் தலைமையகங்களுக்கும் நேரடி ஹாட்லைன் இருக்கிறது. 2025 மே 10-இல் சண்டை நின்றதும், பிற்பகல் 3.35-க்கு பாகிஸ்தான் தரப்பிலிருந்து வந்த போனில்தான் என்கிறது இந்தியா.

கடல்தொழில் செய்கிற வீட்டுக்காரர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஜனவரி 1, ஜூலை 1 இரண்டு நாளும் சிறையிலிருக்கும் மீனவர்களின் பட்டியலும் கை மாறும், ஆள் உயிரோடு எங்கே இருக்கிறான் என்பதற்கு அதுதான் அரசாங்கக் காகிதம்.